‘இல்லை’ என்று எழுதிய கை

மதுரைக் கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு மருந்துக் கடையில் 1996 முதல் 2005 வரை வேலை பார்த்தேன். ராஜாஜி அரசு மருத்துவமனை என்பது பலகையில் இருக்கும் பெயர். என் பாட்டி அதை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பாள். மற்ற எல்லோருக்கும் பெரியாஸ்பத்திரிதான். உள்ளே மாத்திரை இலவசம் என்பதால் அங்கே இருப்பு இல்லாத மருந்துக்கு மட்டுமே நோயாளிகள் எங்களிடம் வருவார்கள். எங்கள் பிழைப்பு ஓடியது சுற்றுவட்டத் தனியார் டாக்டர்களின் சீட்டில். ஒன்பது வருடம் சீட்டு வாங்கி வாங்கி, எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு என்று கேட்காமலே தெரியும் நிலைக்கு வந்திருந்தேன்.

அந்தப் பழக்கத்தை நம்பித்தான் காப்பீட்டு ஏஜென்ட் ஆனேன். வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, 2005 கடைசியில் கடையை விட்டேன். மெடிக்ளெய்ம் பாலிசி நாட்டுக்கு வந்தது 1986இல். நான்கு அரசுக் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து கொண்டு வந்தது. இருபது வருடம் ஆகியும் எங்கள் பக்கத்தில் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. பாலிசி என்றால் எல்.ஐ.சி., இல்லாவிட்டால் வண்டிக்குப் போடுவது. ‘செத்தா வர்ற காசா, பொழைச்சா வர்ற காசா?’ என்று கேட்பார்கள்.

எனக்கு விற்கத் தெரிந்த வழி ஒன்றுதான்: பயமுறுத்துவது. “நாளைக்கு ஒண்ணுன்னா பெரியாஸ்பத்திரி வராந்தாவுல பாய் விரிச்சுப் படுக்கப் போறீங்களா?” என்று கேட்பேன். பாதிப் பேர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்கள். 100 ரூபாய் பிரீமியத்துக்கு 15 ரூபாய் கமிஷன். வராந்தாவைக் காட்டி நான் கட்டிய வீட்டு வாடகை கொஞ்சமில்லை.

செல்லூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் மருந்து வாங்கியவர். மாதம் பிறந்தால் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மூன்று அட்டை, கூடவே ஒரு பி காம்ப்ளெக்ஸ். 2006இல் அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒன்றரை லட்ச ரூபாய்க்குப் பாலிசி போட்டேன். ப்ரொபோசல் ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு: ஏற்கெனவே ஏதாவது நோய் இருக்கிறதா, மருந்து சாப்பிடுகிறீர்களா? உண்டு என்று எழுதினால் டாக்டர் பரிசோதனை, ரத்தச் சோதனை என்று இழுக்கும். மார்ச் மாதம், டார்கெட் முடிக்க நாலு நாள் பாக்கி. ஃபாரம் என் கையில் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறு வருடம் ரினியூவல் முடிந்து ஐந்து மாதத்தில் அவருடைய வலது காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் அழுகியது. பாலிசி இருக்கிற தைரியத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை, கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் போடச் சொன்னார்கள். மனைவியின் நகையை அடகு வைத்து 85,000 ரூபாய் கட்டினார். கிளெய்ம் போட்டேன். ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அட்மிஷன் அன்று டாக்டர் கேட்டதற்கு அவர் உண்மையைச் சொல்லியிருந்தார்: ஆறு வருடமாகச் சர்க்கரை, தினம் மாத்திரை. அந்த ஒரு வரி போதும். நோயை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மைத் தள்ளினார்கள். பாலிசியையும் ரத்து செய்தார்கள். நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்றைய பாலிசிகளில் முன்பே உள்ள நோய்க்கு அவ்வளவு சீக்கிரம் பணம் கிடையாது. உண்மையை எழுதியிருந்தாலும் அந்தப் புண்ணுக்குப் பணம் வந்திருக்காது. ஆனால் வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நகை வீட்டில் இருந்திருக்கும்.

புண் மட்டும் ஆறவில்லை. கையில் காசு தீர்ந்ததும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். முதல் இரண்டு நாள் பாய்தான். மூன்றாம் நாள் கட்டில் கிடைத்தது. இரண்டு விரல்களை எடுத்து, தினமும் கட்டு மாற்றி, 23 நாளில் நடக்க வைத்து அனுப்பினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. நான் பார்க்கப் போனது அந்தப் பாய் நாட்களில் ஒன்றில். எந்த வராந்தாவைக் காட்டி அவரிடம் பாலிசி விற்றேனோ அதே வராந்தா. அவர் கோபப்படவில்லை.

“மாசாமாசம் மாத்திரை எடுத்துக் குடுத்தவனே நீதானப்பா. நீ எழுதுனாச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

அதற்கு இன்று வரை என்னிடம் பதில் கிடையாது. ஆனால் வேலை பார்க்கும் முறை அன்றிலிருந்து மாறியது.

இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனால் பாலிசிக் காகிதத்தைப் பையிலிருந்து எடுப்பதில்லை. முதலில் அவர்கள் வீட்டுக் காகிதங்களைக் கேட்கிறேன். ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, பென்ஷன் புத்தகம், மகனின் கம்பெனி அட்டை. அவர்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எது வேண்டும் என்று எப்படிச் சொல்வது? பாதி வீடுகளில் அவர்களுக்கே தெரிவதில்லை.

அண்ணா நகரில் ஓர் ஆட்டோக்காரர். பக்கத்து வீட்டுச் சாவைப் பார்த்துப் பயந்து, வட்டிக்கு வாங்கிப் பாலிசி போடத் தயாராக இருந்தார். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இந்தப் பெயருக்கு மாறியது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்த பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் மையத்துக்குப் போய்ப் பதிந்தால் முடிந்தது. “அது பெரியாஸ்பத்திரிக்கு மட்டும்தானண்ணே?” என்றார். இல்லை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பட்டியலில் எழுதியிருக்கும் சிகிச்சைகளுக்குத்தான் பணம். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று அரசு வைத்த தொகைதான். எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றிருக்கிறது என்பதையும் முன்னாலேயே கேட்க வேண்டும். அவரைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினேன். எனக்குக் கமிஷன் இல்லை. அவர் அழைத்து வந்த ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பிறகு என்னிடம் வண்டிப் பாலிசி போட்டார்கள் என்பது வேறு கதை.

மில்லில் வேலை பார்க்கிறவர் வீட்டில் இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு, தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். சாதாரண மருத்துவப் பாலிசி தராத ஒன்றை இ.எஸ்.ஐ. தருகிறது: படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு. வெளிநோயாளி மருந்தும் உண்டு. அரசு ஊழியர் வீட்டில் சம்பளத்தில் பிடிக்கும் அரசுக் காப்பீடு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தன் ஓய்வூதியத்தில் மாதாமாதம் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமலே எட்டு வருடம் தனியாக ஒரு பாலிசியும் கட்டி வந்தார். இரண்டும் வைத்திருப்பது தவறில்லை. தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இத்தனையையும் கழித்துப் பார்த்தால் யார் மிச்சம்? மாதம் 25,000 ரூபாய் வாங்குகிற ஜவுளிக் கடை சூப்பர்வைசர். இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டார்; முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் வருமானம் கூடுதல். தனியார் பள்ளி ஆசிரியை, சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவர், சின்ன ஹோட்டல் நடத்துகிறவர், தச்சர். இலவசத்துக்கு மேலே, வசதிக்குக் கீழே நிற்பவர்கள். என் தொழில் உண்மையில் இவர்களுக்குத்தான் தேவை. ஆனால் விற்பனைக் கூட்டங்களில் சொல்லித் தருவது ஏற்கெனவே இரண்டு பாலிசி வைத்திருக்கிறவருக்கு மூன்றாவதை எப்படித் தள்ளுவது என்பதைத்தான்.

இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்பேன். எந்தக் கஷ்டத்துக்கு எங்கே போவீர்கள்?

பாம்பு கடித்தால் யோசிக்கவே வேண்டாம், அரசு ஆஸ்பத்திரிதான். விஷமுறிவு மருந்தும் அதைக் கொடுத்துக் கொடுத்துக் கை பழகியவர்களும் அங்கேதான். தீக்காயம், பெரிய விபத்து என்றாலும் என் கை முதலில் 108ஐத்தான் அழுத்தும். 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும். பிரசவத்துக்குப் பல பாலிசிகளில் இடமே இல்லை. இருந்தாலும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாதாந்திரச் சர்க்கரை மாத்திரைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும் பாலிசி உதவாது. அதை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறது. கண்புரைக்குப் பாலிசி போட வந்தவரிடம், “நம்ம ஊரில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறதே” என்று சொல்லியிருக்கிறேன்.

பித்தப்பைக் கல், குடலிறக்கம், கர்ப்பப்பை அறுவை, முட்டி மாற்று, இதயத்தில் அடைப்பு. இந்த இடத்தில்தான் தனியார் பாலிசிக்கு வேலை. பெரியாஸ்பத்திரியில் இவை நடக்காதவை அல்ல. நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். கூட நிற்க ஆள் வேண்டும். கடையைப் பூட்ட வேண்டும். தினக் கூலியாகச் சம்பாதிக்கிறவருக்கு அந்தக் காத்திருப்பும் ஒரு செலவு. அந்த நாளையும் டாக்டரையும் தேர்ந்தெடுக்கும் வசதிக்குத்தான் பிரீமியம் கட்டுகிறோம். உயிருக்கு விலை என்று யாராவது சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாலிசியால் எது முடியாது என்பதை 2021 மே மாதம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது. முந்தின வருடம் ஜூலையில் வந்த ‘கொரோனா கவச்’ பாலிசியை நானே முப்பது பேருக்கு மேல் விற்றிருந்தேன். இரண்டாம் அலையில் நள்ளிரவில் போன் வரும்: “அண்ணே, பாலிசி இருக்கு, பெட் இல்லைங்கிறாங்க.” என் வாடிக்கையாளர்களில் நாலு பேர் கடைசியில் தோப்பூர் அரசு மருத்துவமனைக்கும் பெரியாஸ்பத்திரிக்கும்தான் போனார்கள். பாலிசி பணம் தரும். கட்டில் தராது, ஆக்சிஜன் தராது. அரசு ஆஸ்பத்திரி என்ற அடித்தளம் பலமாக இருந்தால்தான் அதன்மேல் நான் விற்கிற மாடிக்கு மதிப்பு.

இனி பாலிசிக் காகிதத்துக்கு வருகிறேன். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, ரூம் வாடகை என்ற வரியைத் தேடுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு நாள் வாடகை வரம்பு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறை எடுத்தார். நாலு நாளைக்குக் கூடுதல் 12,000தானே, கையிலிருந்து கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. நிறுவனத்தின் கணக்கு வேறு. அறை பாதிக்குத்தான் தகுதி என்றால், அறையை ஒட்டி ஏறும் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை, நர்சிங் எல்லாமே பாதிதான். பில் 1,80,000. அதில் அறை 24,000. டாக்டரும் தியேட்டரும் நர்சிங்கும் 96,000. மருந்தும் சோதனைகளும் 60,000. முதல் இரண்டும் பாதியானதில் 60,000 போயிற்று. கையுறை, பஞ்சு, டயப்பர் என்று கணக்கில் வராத சில்லறைகள் அதற்கு மேல். 3,000 ரூபாய் அறையில் படுத்திருந்தால் அந்த 60,000 மிச்சம். டி.வி. பெரிதாக இருந்த ஒரே காரணத்துக்காக அந்த அறையை எடுத்ததாகப் பிறகு சொன்னார்.

புதிதாகப் பாலிசி பார்க்கிறவர்களிடம் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’யை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 2020 ஏப்ரலிலிருந்து எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்க வேண்டிய பாலிசி அது. பில்லில் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும்; அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. வேறு பாலிசியைக் காட்டினால், இதைவிட எதில் கூடுதல், எதில் குறைவு என்று ஏஜென்டைக் கேளுங்கள். திணறினால் அவருக்கே தெரியாது என்று அர்த்தம். மகன் கம்பெனியில் மூன்று லட்சத்துக்குக் குரூப் பாலிசி இருந்தால் அதன்மேல் ஒரு சூப்பர் டாப்-அப் போடுவது மலிவு. வெறும் டாப்-அப் ஒவ்வொரு முறை படுக்கும்போதும் பில் அந்த மூன்று லட்சத்தைத் தாண்டியதா என்று பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருடம் முழுக்க ஆன செலவைக் கூட்டிப் பார்க்கும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். 55 வயதில் வேலை போனவர் புதிதாகப் பாலிசி தேடி அலைவதைப் பார்த்தவன் சொல்கிறேன், நாற்பதுக்குள் சொந்தமாக ஒன்றைத் தொடங்கிவிடுங்கள்.

சட்டமும் மெல்ல மெல்ல நம் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2011 அக்டோபரிலிருந்து, காத்திருந்த வருடங்களை இழக்காமல் நிறுவனம் மாறலாம். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024இல் அதிகபட்சம் மூன்று வருடமாகக் குறைந்தது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் பதில் என்பதும் அந்த வருடம்தான் வந்தது. காகிதத்தில் மூன்று மணி நேரம். டிஸ்சார்ஜ் அன்று காலைச் சாப்பாட்டோடு மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் இன்னமும் சொல்கிறேன். தனிநபர் பாலிசி மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. கிளெய்ம் தள்ளுபடியானால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள்; 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

அதே 2024இல் வந்த இன்னொரு விதி: ஐந்து வருடம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, நோயை மறைத்தார் என்று சொல்லிக் கிளெய்மைத் தள்ள முடியாது. முன்பு இது எட்டு வருடம். இதைப் பிடித்துக்கொண்டு, “சுகர எழுதாதீங்க சார், அஞ்சு வருஷம் ஓட்டிட்டாப் போதும்” என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கிறேன். புண்ணுக்கு அஞ்சு வருடக் கணக்கு தெரியாது. எங்கள் மளிகைக் கடைக்காரருக்கு ஒன்றரை வருடத்தில் வந்தது.

2016இல் அவருடைய மகன் பாலிசி கேட்டு வந்தான். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து வண்டியில் அழைத்து வந்திருந்தான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு என்னைத் தேடி வந்தார்களே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அவன் குரூப் பாலிசி இல்லாதவன், இ.எஸ்.ஐ. இல்லாதவன், கடையை அவன்தான் பார்க்கிறான். அன்று இருந்த விதிகளை எல்லாம் சொல்லி முடித்து, ஃபாரத்தையும் பேனாவையும் எடுத்தேன்.

பெரியவர் என் கையைப் பிடித்தார். “பேனாவ அவன்ட்ட குடுப்பா. அவனே எழுதட்டும்” என்றார்.

அவனுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. முந்தின வருடம் ரத்தச் சோதனையில் சர்க்கரை எல்லையில் நின்றதைக்கூட எழுதினான். பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பிரீமியம் கொஞ்சம் கூடியது, பாலிசி வந்தது. 2022இல் பித்தப்பை அறுவைக்கு 68,000 ரூபாய் பில்லில் 64,500 கேஷ்லெஸில் கிடைத்தது. ஒரு கேள்வி வரவில்லை.

அன்றிலிருந்து என் வாடிக்கையாளர் யாருக்கும் நான் ஃபாரம் நிரப்புவதில்லை. எழுதத் தெரியாதவர் என்றால் அவர் வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துச் சொல்கிறேன். இப்போது ஏஜென்டுகள் செல்போனிலேயே நிரப்பி, உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை மட்டும் கேட்கிறார்கள். அந்த எண்தான் உங்கள் கையெழுத்து. நோய் பற்றிய பக்கத்தை முழுக்கப் படித்துப் பார்க்காமல் அதைச் சொல்லாதீர்கள். பாலிசி வந்த பிறகும் அந்தப் பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். தவறாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.